வீட்டுக்குள்ள ஒரு எடத்துல நிக்காத ஜீவன ஷேக் இல்லாம படம் புடிக்கிறது

நாய் போட்டோ ஷேக் ஆகுது, பூனைய எடுத்தா மூஞ்சியே தெரியல, கன்னுக்குட்டிய எடுத்தா வெறும் கோடா வருதுன்னு என்கிட்ட கேக்கறவங்கள்ல முக்கால்வாசி பேரு போன் மேலதான் பழிய போடறாங்க. முப்பதாயிரம் குடுத்து வாங்கனது, ஓஐஎஸ் இருக்கு கை ஆடினாலும் படம் ஆடாதுன்னு கடைல சொன்னாங்க, அப்பறம் ஏன் இப்படின்னு. கடைல சொன்னது உண்மைதாங்க, ஆனா அது வேற ஆட்டத்துக்கு. நம்ம கை ஆடுறது ஒன்னு, எதிர்ல இருக்கற ஜீவன் ஆடுறது இன்னொன்னு. ஓஐஎஸ், லென்ஸுக்குள்ள இருக்கற ஸ்டெபிலைசேஷன், ட்ரைபாட் எல்லாமே மொத ஆட்டத்துக்கு மட்டும்தான் வைத்தியம். நாய் தலைய திருப்பறத எந்த ட்ரைபாடும் நிறுத்தாது. அத நிறுத்தறது முக்கியமா ஷட்டர் ஸ்பீடுதான் (படம் எடுக்க கேமரா எவ்ளோ நேரம் கண்ண தொறந்து வெக்குதுங்கற கணக்கு), இல்லன்னா அந்த நாயே ஒரு நொடி சும்மா நிக்கணும்.

ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்தா சட்டுனு புரிஞ்சிடும். நாய் வீட்டுக்குள்ள சாதாரணமா நடந்து வர்ற வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர்னு வெச்சுக்கலாம். ஷட்டர் 1/60 வினாடி தொறந்து இருந்தா அந்த நேரத்துக்குள்ள நாய் கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் நகந்துடுது, அதாவது கண்ணு இருந்த எடத்துல இப்ப கண்ணு இல்ல. 1/250 வெச்சா 4 மில்லி. 1/500 வெச்சா 2 மில்லி. இது கேமராவுக்கு குறுக்கால போற நாயிக்கு சொல்ற கணக்கு, நேரா நம்மள பாத்து வந்தா படத்துல நகர்வு கம்மியா தெரியும், அதனாலதான் குறுக்க ஓடற நாய எடுக்கறதவிட நம்மகிட்ட ஓடி வர்ற நாய எடுக்கறது கொஞ்சம் சுலபம் (ஃபோகஸ் மட்டும் கஷ்டம், அத அப்பறம் சொல்றேன்). நான் மனசுல வெச்சுனு இருக்கற அளவு என்னன்னா, படுத்துனு இருக்கற ஜீவனுக்கு 1/125, உக்காந்து தலைய அங்க இங்க திருப்பறதுக்கு 1/250, வெளையாட்டுன்னா 1/500, கூடத்துல ஒரு ரவுண்டு ஓடுதுன்னா 1/1000. இதுக்கு கீழ போனா அதிர்ஷ்டம் இருந்தாதான் படம்.

சரி, ஷட்டர் ஸ்பீட ஏத்திட்டா போச்சு, ஏன் யாரும் ஏத்தறது இல்ல? ஏத்தினா படம் இருட்டாயிடுது. இங்கதான் நம்ம ஊரு விஷயம் வருது. வேலூர் வெயில பத்தி நான் யாருக்கும் சொல்ல வேணாம், மே மாசம் பத்து மணிக்கு மேல ரோட்டுல நின்னா தெரியும். அந்த வெயில உள்ள விடக்கூடாதுன்னே கட்டன வீடுங்க நம்ம வீடுங்க. சின்ன ஜன்னல், அதுக்கு ஒரு கர்ட்டன், மேக்க பாத்த பக்கம் ஜன்னலே கெடையாது, பத்து மணி ஆனா அம்மா எல்லா கதவையும் சாத்திடுவாங்க. வெளிய கண்ணு கூசற வெளிச்சம், உள்ள வந்தா ரெண்டு நிமிஷம் ஒன்னும் தெரியாது, அப்பறம் நம்ம கண்ணு பழகிடும். கண்ணு பழகிடறதுதான் பிரச்சனையே. வெயில்ல இருக்கற வெளிச்சத்துக்கும் ராத்திரி டியூப்லைட்டு போட்ட ஹால்ல இருக்கற வெளிச்சத்துக்கும் 500 மடங்குலேர்ந்து 1000 மடங்கு வித்தியாசம் இருக்கும், நம்ம கண்ணுக்கு அது தெரியறதே இல்ல, கேமராவுக்கு நல்லா தெரியும். அது என்ன பண்ணும், பாவம், வெளிச்சம் பத்தலன்னு ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வெக்கும். அந்த நேரத்துல நாய் நகந்துடும். ஷேக்குன்னு நாம சொல்றது வெளிச்சம் இல்லாததோட இன்னொரு பேரு, அவ்ளோதான்.

1878ல கலிபோர்னியால எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடற குதிரைய வரிசையா கேமராங்கள வெச்சு எடுத்தாரே, நாலு காலும் தரைல படாத நொடி ஒன்னு இருக்குன்னு காமிச்சாரே, அந்த காலத்து கண்ணாடி பிளேட்டுல அது எப்படி முடிஞ்சதுன்னா வெட்ட வெளி, நல்ல வெயிலு, குதிரைக்கு பின்னாடி வெள்ளையா ஒரு தட்டி. வெளிச்சத்துக்காக அவ்ளோ மெனக்கெட்டிருக்காரு மனுஷன். நம்ம கேமராக்குள்ள வெளிச்சத்த வாங்கற சென்சார் அந்த பிளேட்ட விட எத்தனையோ மடங்கு உணர்வு உள்ளது, ஆனா வெளிச்சத்த தேடற வேலைய மட்டும் நாம விட்டுட்டோம்.

அதனால என்னோட மொத வேலை கேமராவ தொடறது இல்ல, வீட்ட ஒரு சுத்து சுத்தி வர்றது. எந்த ஜன்னல்ல எந்நேரத்துக்கு வெளிச்சம் வருது, செவரு என்ன கலரு, தரை என்ன தரைன்னு பாப்பேன். தரைய யாரும் கண்டுக்கறது இல்ல ஆனா நாயி பூனை எல்லாம் தரைக்கு பக்கத்துல இருக்கற ஜீவனுங்க, வெள்ளை டைல்ஸ் போட்ட வீட்டுல ஜன்னல் வெளிச்சம் தரைல பட்டு அதுங்க தாடைக்கு கீழ திரும்பி அடிக்கும், அழகா இருக்கும். அதே கடப்பாக்கல்லு போட்ட வீட்டுல கறுப்பு தரை எல்லாத்தையும் முழுங்கிடும், மூஞ்சிக்கு கீழ ஒரே நெழலு. அப்படி வீட்டுல நான் ஒரு வெள்ளை வேட்டிய கேட்டு வாங்கி ஜன்னலுக்கு எதிர்பக்கம் ரெண்டு நாற்காலி மேல விரிச்சு போட்டுடுவேன், அதுல ஒரு பங்கு வெளிச்சம் திரும்பி வந்துடும். ஜன்னலுக்கு எவ்ளோ கிட்ட இருக்கோங்கறது ரொம்ப முக்கியம். ஜன்னல்லேர்ந்து ரெண்டடி தள்ளி இருக்கற நாயிக்கும் எட்டடி தள்ளி சோபாக்கு கீழ படுத்துனு இருக்கற நாயிக்கும் வெளிச்சம் பல மடங்கு மாறும். நாய கூப்புட்டு ஜன்னல்கிட்ட கொண்டாங்க, ஒரு பழைய பாய் போட்டு அது மேல அதுக்கு புடிச்ச துணி ஒன்ன போட்டா தானா வந்து உக்காந்துக்கும்.

எல்லாத்தையும் விட நல்ல எடம் ஒன்னு இருக்கு, வாசக்கதவு. திண்ணை இருக்கற வீடா இருந்தா இன்னும் விசேஷம். கதவ முழுசா தொறந்துட்டு ஜீவன் உள்பக்கம், வாசப்படிக்கு ஒரு அடி உள்ள. நாம வெளில திண்ணை ஓரமா தரைல படுத்துக்கணும், கேமரா அதோட கண்ணு மட்டத்துல. வெளிய இருக்கற மொத்த வானமும் அது மூஞ்சில விழும், கெழக்கு வாசலா இல்லன்னா நேர் வெயில் விழாது, பின்னாடி வீட்டோட இருட்டு தானா நல்ல பின்னணி ஆயிடும். காலைல எட்டு மணி வாக்குல இந்த எடத்துல எஃப் 2.8 (லென்ஸ் எவ்ளோ தொறந்திருக்குன்னு சொல்ற நம்பர், நம்பர் கொறைஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி), ஐஎஸ்ஓ 800 (கேமரா வெளிச்சத்த எவ்ளோ ஏத்தி காட்டுதுங்கற நம்பர்) வெச்சா 1/500 சாதாரணமா கெடைக்குது. உள்ள ஹால்ல இதே படத்துக்கு நீங்க திண்டாடுவீங்க. இன்னொன்னு, பழைய ஓட்டு வீடுங்கள்ல கூரைல ரெண்டு கண்ணாடி ஓடு வெச்சிருப்பாங்க. கணியம்பாடி பக்கம் எங்க பெரிம்மா வீட்டு மாட்டுக்கொட்டாய்ல அப்படி ஒன்னு இருக்கு, பத்தரைலேர்ந்து பதினொன்ற வரைக்கும் ஒரு கட்டம் வெளிச்சம் கன்னுக்குட்டி கட்டற எடத்துலயே விழும். நான் அந்த நேரத்துக்கு போயி உக்காந்துடுவேன். "இன்னா கண்ணு, மாட்ட பாக்க வந்தியா மோட்ட பாக்க வந்தியா"ன்னு பெரிம்மா கேக்கும். மோட்டதான் பெரிம்மா. அந்த கட்டத்துக்குள்ள கன்னுக்குட்டி தலை வந்தா 1/1000 கூட வைக்கலாம், வெளிச்சம் படாத பாகம் எல்லாம் கறுப்பா போயி கன்னு மட்டும் நிக்கும்.

லென்ஸுக்கு வருவோம். கேமரா வாங்கும்போது கூட வர்ற 18-55 கிட் லென்ஸ் இருக்கே, அத முழுசா ஜூம் பண்ணா எஃப் 5.6. ஐம்பது மில்லி எஃப் 1.8 லென்ஸ் இருக்கே, பல கம்பெனியிலயும் மலிவா கெடைக்கற லென்ஸ், அது இத விட ஒம்போது பத்து மடங்கு வெளிச்சம் உள்ள விடும். 1/30ல நின்ன ஷட்டர் 1/250க்கு மேல போயிடுது, வேற ஒன்னும் மாத்தாமலே. புது கேமரா பாடி வாங்கணும்னு துட்டு சேக்கறவங்க கிட்ட நான் சொல்றது இதான், இருக்கற பாடிக்கு இந்த ஒரு லென்ஸ் போடுங்க, வீட்டுக்குள்ள எடுக்கறவங்களுக்கு இத விட பெரிய வித்தியாசம் எதுவும் இல்ல. ரூம் சின்னதா இருந்தா 35 மில்லி இன்னும் வசதி, ஏன்னா நம்ம வீட்டு ரூம்ல அம்பது மில்லி போட்டா செவுத்துல முதுக ஒட்டி நின்னாலும் நாய் முழுசா வராது.

ஆனா இதுல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அந்த அம்பது மில்லி லென்ஸ எஃப் 1.8ல வெச்சு ஒரு மீட்டர் தள்ளி இருக்கற நாய எடுத்தா ஃபோகஸ்ல இருக்கற ஆழம் மூணு சென்டிமீட்டர் கூட வராது. நாயோட மூக்குலேர்ந்து கண்ணுக்கு பத்து சென்டிமீட்டர் இருக்கும், ராஜபாளையம் நாயா இருந்தா இன்னும் ஜாஸ்தி. மூக்கு ஷார்ப்பா வந்து கண்ணு மங்கிட்டா அந்த படம் போச்சு. நெறைய பேரு இத ஷேக்குன்னு நெனச்சுக்கறாங்க, ஷட்டர ஏத்திக்கினே போறாங்க, சரியாகறதே இல்ல. பெருசு பண்ணி பாருங்க, மூக்கு முடி தெளிவா இருந்து கண்ணு மட்டும் மங்கலா இருந்தா அது ஃபோகஸ், மொத்தமும் ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருந்தா அது அசைவு. ரெண்டுக்கும் வேற வேற தீர்வு. ஃபோகஸ கன்டினியூஸ்ல (ஜீவன் நகர நகர ஃபோகஸும் கூடவே போற மோடு) வைங்க, ஒரே பாயின்ட்ட கண்ணு மேல வைங்க, புது கேமராவா இருந்தா ஜீவனோட கண்ண தானா கண்டுபுடிக்கற அனிமல் ஐ டிடெக்ஷன் இருக்கும் அத போடுங்க, வெளிச்சம் இருந்தா எஃப் 2.8 வரைக்கும் மூடிக்குங்க.

இப்ப ஐஎஸ்ஓ. இத பத்திதான் நான் கொஞ்சம் சத்தமாவே பேசுவேன். யாரோ எப்பவோ ஐஎஸ்ஓ 400க்கு மேல போகாத, போனா படம் கெட்டுடும்னு சொல்லி வெச்சிருக்காங்க, அந்த பயம் இன்னும் போகல. ராத்திரி ஹால்ல ஒரு பல்பு வெளிச்சத்துல எஃப் 2 வெச்சா ஐஎஸ்ஓ 100க்கு ஷட்டர் 1/8 வினாடிதான் கெடைக்கும், அதுல பொம்மை நாயத்தான் எடுக்க முடியும். அதே எடத்துல ஐஎஸ்ஓ 3200 வெச்சா 1/250. புள்ளி புள்ளியா கிரெய்ன் வரும், வரட்டும். கிரெய்ன் வந்த படத்த சாஃப்ட்வேர்ல சரி பண்ணலாம், இப்ப இருக்கற டீநாய்ஸ் எல்லாம் ரொம்ப நல்லா வேலை செய்யுது, ரா ஃபைலா (சென்சார் பாத்தத அப்படியே சேத்து வெக்கற ஃபைல்) எடுத்திருந்தா இன்னும் நல்லா. நாலுக்கு ஆறு சைஸ்ல பிரிண்டு போட்டா கிரெய்ன் கண்ணுக்கே தெரியாது. இழுத்துட்டு போன கண்ண எந்த சாஃப்ட்வேரும் திருப்பி குடுக்காது. பயந்துனு ஐஎஸ்ஓவ கம்மியா வெச்சு இருட்டா எடுத்து அப்பறம் கம்ப்யூட்டர்ல வெளிச்சம் ஏத்தினா அதுல வர்ற கிரெய்ன் பல கேமராவுல இன்னும் அசிங்கமா இருக்கும், அதனால எடுக்கும்போதே ஏத்திடுங்க. மேனுவல் மோடுல ஷட்டர், அப்பர்ச்சர் (அதான் எஃப் நம்பர்) ரெண்டையும் நாம வெச்சிட்டு ஐஎஸ்ஓவ மட்டும் ஆட்டோல விட்டா போதும், கேமரா அத பாத்துக்கும், நாம நாய பாத்துக்கலாம்.

டியூப்லைட்டு, எல்ஈடி பல்புல ஒரு தொல்லை இருக்கு. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால லைட்டு வினாடிக்கு 100 தடவ கூடி கொறையுது, கண்ணுக்கு தெரியாது. பழைய சோக்கு வெச்ச டியூப்லைட்டும் மலிவு எல்ஈடியும் இதுல மோசம். ஷட்டர் 1/100க்கு மேல போனா ஒரு படம் வெளிச்சமா ஒரு படம் மங்கலா வரும், இல்லன்னா படத்துக்கு குறுக்க பட்டை பட்டையா கோடு விழும், சைலண்டு ஷட்டர்னு சொல்ற எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா கோடு இன்னும் ஜாஸ்தி. நல்ல கம்பெனி டிரைவர் (கரண்ட சீரா குடுக்கற சர்க்யூட்டு) வெச்ச எல்ஈடில இது பெரும்பாலும் வராது. ஆன்ட்டி ஃப்ளிக்கர்னு ஒரு செட்டிங் இருந்தா போடுங்க, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க, அதுக்கும் மேல, பகல்ல எல்லா லைட்டையும் அணைச்சிட்டு ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க. கலரும் நல்லா இருக்கும், பல்பு மஞ்சளும் ஜன்னல் நீலமும் ஒரே நாய் மேல பாதி பாதி விழாது.

ஃப்ளாஷ் போடலாமான்னு கேக்கறாங்க. போடலாம், ஆனா மூஞ்சிக்கு நேரா கூடாது. நாயி, பூனை, மாடு இதுங்களுக்கு கண்ணுக்குள்ள பின்பக்கமா வெளிச்சத்த திருப்பி அடிக்கற ஒரு படலம் இருக்கு, இருட்டுல பாக்கறதுக்காக, நேரா ஃப்ளாஷ் அடிச்சா அதான் பச்சையா மஞ்சளா எரியுது. தனி ஃப்ளாஷ் இருந்தா அதோட தலைய மேல திருப்பி வெள்ளை சீலிங்ல அடிங்க, வெளிச்சம் பரவி மேலேர்ந்து விழும். ஃப்ளாஷோட பலம் என்னன்னா அது எரியற நேரம் ரொம்ப கம்மி, பவர கொறைச்சு வெச்சா வினாடில ஆயிரத்துல ஒரு பங்கைவிட ரொம்பவே கம்மி, அதனால ஷட்டர் 1/200ல இருந்தா கூட அசைவு நின்னுடும். அமெரிக்கால எம்ஐடில ஹெரால்ட் எட்ஜர்டன் 1930கள்ல இந்த ஃப்ளாஷ வெச்சுதான் பால் சொட்டு விழறத கிரீடம் மாதிரி காமிச்சாரு, 1964ல ஆப்பிள துளைச்சுனு போற புல்லட்ட நிறுத்தினாரு. நம்ம பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுல மேல கட்டையும் செங்கல்லும் இருட்டா இருக்கும், அங்க சீலிங் பௌன்ஸ் நடக்காது, பக்கத்து வெள்ளை செவுத்துல அடிக்கணும். புதுசா பொறந்த குட்டிங்க, கூண்டு பறவைங்க, கன்னு போட்டு ரெண்டு நாள் ஆன பசு இதுங்ககிட்ட நான் ஃப்ளாஷ எடுக்கறதே இல்ல. படத்துக்காக ஒரு ஜீவன் மெரளக்கூடாது. நாய் மொத ஃப்ளாஷுக்கே காத மடக்கி ஒதுங்கினா அதோட நிறுத்திடுவேன்.

இதெல்லாம் மிஷினோட கதை. எனக்கு உண்மையிலயே புடிச்சது அடுத்தது, ஜீவனுங்க எப்ப நிக்குதுன்னு கத்துக்கறது. எந்த ஜீவனும் விடாம ஆடாது. ஒவ்வொன்னுக்கும் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கு, அத தெரிஞ்சுக்கினா 1/125ல கூட கல்லு மாதிரி படம் வரும்.

மாடு ஆடு அசை போடறத நல்லா பாத்திருக்கீங்களா? தாடை ஓடிக்கினே இருக்கும், எப்ப எடுத்தாலும் வாய் மட்டும் கலங்கிடும். ஆனா ஒரு வாய் மென்னு முழுங்கினதும் அடுத்த கவளம் கழுத்து வழியா மேல வர்ற வரைக்கும் ரெண்டு மூணு நொடி வாய் சும்மா இருக்கும். கழுத்துல ஒரு உருண்டை கீழ எறங்கறது தெரியும், அப்பறம் இன்னொன்னு மேல ஏறும், நடுவுல இருக்கற அந்த நேரம்தான் நமக்கு. என் சிநேகிதன் வீட்டுல பக்ரீதுக்கு முன்னாடி நடைல ஆடு கட்டி வளப்பாங்க, அவன் பொண்ணுதான் அதுக்கு தழை போடறது தண்ணி காட்டறது எல்லாம். அந்த பொண்ணுக்கு ஆட்டோட ஒரு படம் வேணும், "மாமா அது மூஞ்சிய ஆட்டிக்கினே இருக்குது மாமா, எங்கத்தாவோட போன்ல வரவே மாட்டேங்குது"ன்னு சொல்லுச்சு. அது கிட்ட இந்த கழுத்து உருண்டைய காமிச்சேன். அப்பறம் நான் போன வெச்சுனு உக்காந்தேன், அந்த பொண்ணு ஆட்டு கழுத்தையே பாத்துனு "இப்ப மாமா, இப்ப"ன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நடை இருட்டுதான், தெருக்கதவு வெளிச்சம் மட்டும். ரெண்டு மூஞ்சியும் தெளிவா வந்துச்சு.

கோழி, புறா நடக்கும்போது தலைய முன்னால தள்ளி தள்ளி நடக்கும் இல்லையா, அதுல ஒவ்வொரு அடிக்கும் தலை ஒரு எடத்துல அப்படியே நிக்கும், ஒடம்பு மட்டும் முன்னால வரும், அப்பறம்தான் தலை மறுபடி தாவும். தலை நிக்கறது சுத்தி இருக்கறத தெளிவா பாக்கறதுக்காக. நம்மளால அத கண்ணால பாத்து அமுக்க முடியாது, அவ்ளோ வேகம், ஆனா சரசரன்னு வரிசையா எடுக்கற பர்ஸ்ட்ல பத்து படம் எடுத்தா அதுல சிலதுல தலை கண்டிப்பா நின்னுனு இருக்கும். மாடில கூண்டு வெச்சு புறா வளக்கறவங்க இங்க நெறைய பேரு, அவங்க ஜோடி புறாவ காமிக்க அனுப்பற படமெல்லாம் தலை ரெண்டா இருக்கறதுக்கு காரணம் இதான், ஒரே ஒரு தடவ அமுக்கிட்டு விட்டுடறாங்க. கூண்டு கம்பிய பத்தி ஒரு வார்த்த, லென்ஸ கம்பியோட ஒட்டி வெச்சு அப்பர்ச்சர முழுசா தொறந்துட்டா கம்பி கரைஞ்சு போயிடும். றெக்கை அடிக்கறத வீட்டுக்குள்ள நிறுத்த 1/2000 வேணும், அத மறந்துட்டு அது கழில வந்து ஒக்கார்ற வரைக்கும் காத்துனு இருங்க.

பூனைக்கு ரெண்டு நிறுத்தம். பாயறதுக்கு முன்னாடி பின்பக்கத்த ஆட்டும், ஆட்டிட்டு சட்டுனு ஒரு நொடி ஒறைஞ்சு போகும், கண்ணு ரெண்டும் பெருசாகும், அப்ப அமுக்கணும். இன்னொன்னு எகிறும்போது, மேல போயி கீழ வர்றதுக்கு நடுவுல உச்சில வேகமே இருக்காது. நூல்ல ஒரு காகிதத்த கட்டி ஒரே உயரத்துல ஆட்டினு இருந்தீங்கன்னா உச்சி எங்கன்னு தெரிஞ்சிடும், அங்கயே ஃபோகஸ வெச்சுனு காத்திருக்கலாம்.

நாய்க்கு வெயில் காலம் ஒரு பிரச்சனை. ஏப்ரல் மே மாசத்துல நம்ம ஊரு நாய் வீட்டுக்குள்ள இருந்தாலும் இளைச்சுக்கினே இருக்கும், நாய் நல்லா இளைக்கும்போது நிமிஷத்துக்கு 300 தடவைய ஒட்டி மூச்சு விடும், நாக்கு தலை நெஞ்சு எல்லாமே அதிரும். அப்ப எடுக்காதீங்க. தண்ணி வெச்சு, ஈரத்தரைல படுக்க விட்டு, ஃபேன போட்டு, வாய மூடற வரைக்கும் விடுங்க, நாய்க்கும் அதுதான் நல்லது. வாய் மூடினதும் பிஸ்கட் பாக்கெட்ட ஒரு தடவ கசக்குங்க, காது ரெண்டும் தூக்கி தலை ஒரு பக்கம் சாயும், அப்படியே அரை நொடி நிக்கும். ஒரு தடவதான். பேர கூப்புட்டுக்கினே இருந்தா எழுந்து நம்மகிட்டயே வந்து கேமராவ நக்கும். சத்தமும் பழகிடும், அதனால ஒவ்வொரு தடவையும் வேற சத்தம், சாவிக்கொத்து, டப்பா மூடி, நாக்கால ஒரு டொக்கு. சத்தம் குடுத்ததுக்கு அப்பறம் பிஸ்கட்ட கண்டிப்பா குடுத்துடணும், ஏமாத்தினா அடுத்த தடவ திரும்பி பாக்காது, அது நியாயமும் இல்ல.

கறுப்பு ஜீவனுங்கள பத்தி தனியா சொல்லணும். சத்துவாச்சாரில எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா ரோட்டுல விட்டுட்டு போன பூனைக்குட்டிங்கள எடுத்து வந்து பால் குடுத்து தேத்தி நல்ல வீடா பாத்து குடுப்பாங்க. குட்டி படத்த வாட்ஸாப்புல போட்டாதான் யாராவது கேப்பாங்க, அப்படி போட்டதுல வெள்ளைக்குட்டி, மஞ்சக்குட்டி எல்லாம் போயிடும், கறுப்புக்குட்டி மட்டும் நின்னுடும். "இவன மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறாங்கப்பா, ராசி இல்லைங்கறாங்க"ன்னு அக்கா வருத்தப்பட்டாங்க. ராசி ஒரு பக்கம் இருக்கட்டும், படத்துல அந்த குட்டிக்கு கண்ணு எது காது எதுன்னே தெரியல, ஒரு கறுப்பு பட்டை. காரணம், கேமரா படம் மொத்தத்தையும் நடுத்தர சாம்பல் வெளிச்சத்துக்கு கொண்டு வர பாக்கும், கறுப்ப பாத்தா ஐயோ இருட்டுன்னு நெனச்சு ஷட்டர இன்னும் நீட்டிடும். கறுப்புக்குட்டி வெள்ளைக்குட்டிய விட ஜாஸ்தி ஷேக் ஆகறது இதனாலதான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (படம் எவ்ளோ வெளிச்சமா வரணும்னு கேமராவுக்கு சொல்ற செட்டிங்) மைனஸ் ஒன்னுக்கு தள்ளினா கறுப்பு கறுப்பாவே வரும், ஷட்டர கேமரா கைல விட்டிருந்தா அதுவும் ரெண்டு மடங்கு வேகமாயிடும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. போன்ல குட்டி மேல தொட்டுட்டு பக்கத்துல வர்ற சூரியன் குறிய கீழ இழுத்தாலும் அதே வேலைதான். அப்பறம் கறுப்பு ரோமத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டுல வரணும், அப்பதான் முடி முடியா மினுக்கும், கண்ணுல ஜன்னல் தெரியும். பின்னணிக்கு அக்காவோட பழைய மஞ்ச பொடவை ஒன்ன போட்டோம். கறுப்பன் கண்ணு என்னா அழகு தெரியுமா, பச்சையும் மஞ்சளும் கலந்து.

போன்ல எடுக்கறவங்கதான் ஜாஸ்தி, அவங்களுக்கு சிலது. நைட் மோட அணைங்க. அது ஒரு படம் எடுக்கறது இல்ல, பல படம் எடுத்து ஒன்னா சேக்குது, அதுக்குள்ள குட்டி நாலு எடத்துல இருந்திருக்கும். ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஜூம் போடாதீங்க, போன்ல மெயின் லென்ஸ்தான் வெளிச்சம் ஜாஸ்தி வாங்கறது, மத்தது எல்லாம் இருட்டு லென்ஸ், நீங்களே ஒரு அடி கிட்ட போங்க. ப்ரோ மோடு இருந்தா ஷட்டர 1/250ல வெச்சுட்டு ஐஎஸ்ஓவ ஏத்துங்க. லென்ஸ வேட்டி முனைல தொடைச்சுக்குங்க, வெரல் எண்ணெய் பட்டா எல்லாமே மங்கும். வீடியோ எடுத்து அதுலேர்ந்து ஒரு ஃப்ரேம எடுத்துக்கலாம்னு சொல்வாங்க, வெளில சரி, வீட்டுக்குள்ள மங்கல் வெளிச்சத்துல வீடியோவோட ஒவ்வொரு ஃப்ரேமும் 1/30, 1/60லதான் ஓடும், அதுல தெளிவான ஃப்ரேம் தேடி கண்ணு வலிக்கும். அதுக்கு பதிலா பர்ஸ்ட் எடுங்க, அது போதும்.

அந்த அக்காவுக்கு நான் செஞ்சு குடுத்தது இவ்ளோதான்: போன்ல ப்ரோ மோடு 1/250, வாசக்கதவு தொறந்து காலைல எட்டு மணி, மஞ்ச பொடவை, கறுப்புக்குட்டின்னா மைனஸ் ஒன்னு. ஒவ்வொரு தடவையும் நான் போக வேணாம், இப்ப அவங்களே எடுக்கறாங்க, என்ன விட பொறுமை ஜாஸ்தி அவங்களுக்கு, பாலு குடிச்சு வாய நக்கி முடிச்சதும் குட்டி ஒரு நொடி நிமிந்து பாக்குமாம், அப்ப அமுக்கறாங்களாம், இது எனக்கே தெரியாது. கறுப்பன் காட்பாடிக்கு போயிட்டான். இப்ப வந்திருக்கற சாம்பல் குட்டிக்கு வாலாஜால ஒருத்தரும் குடியாத்தத்துல ஒருத்தரும் கேட்டிருக்காங்க, யாரு வீட்டுல மாடிக்கு கம்பி போட்டிருக்குன்னு விசாரிச்சுனு இருக்காங்க அக்கா.